ஆவடிக்குத் திரும்பும் டேங்க்

உன் பையக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கிறியா தம்பி? தப்பா நெனச்சிக்காத. இந்தப் பொட்டிய மேல வெச்சா வண்டி குலுக்கற குலுக்கல்ல கீழ வந்துடும். மடியில வெச்சா முட்டி வலிக்குது. இப்பிடி நடுவுல சீட்டு மேல வெச்சா நீ ஒரு கை புடிச்சிப்ப, நான் ஒரு கை புடிச்சிப்பேன். ஆவடி வரைக்கும்தான். நீ எங்க எறங்கற? பெரம்பூரா. நல்லதாப் போச்சு, எனக்கு அப்பாலதான் நீ எறங்கணும்.

கேக்கு இல்ல தம்பி. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. காலையில வரும்போது ஒரு அம்மா, யாருக்குப் பொறந்த நாளுன்னு கேட்டுது. பொட்டி கேக்குப் பொட்டிதான், எங்க தெரு பேக்கரியில கேட்டு வாங்கினேன். உள்ள இருக்கறது டேங்க். ராணுவத்துல ஓட்டுவாங்களே, பீரங்கி வெச்சி, சங்கிலி மேல ஓடுமே, அது. பிளாஸ்டிக்குதான். ஒரு சாண் நீளம், குழாயச் சேத்தா இன்னும் நாலு விரக்கட. காட்டறேன், வண்டி கெளம்பட்டும்.

நான் தணிகாசலம். ஆவடியில டேங்க் செய்யற எடத்துல முப்பத்திமூணு வருஷம் வேல பாத்தவன். பெயிண்ட் ஷாப்பு. ரிட்டையர் ஆயி ஆறு வருஷம் ஆவுது. வண்டி எங்ககிட்ட வரும்போது வெறும் இரும்பா வரும். நாங்க துரு எடுத்து, பிரைமர் அடிச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி அடிச்சு, நம்பர் எழுதி அனுப்புவோம். என் கை பட்டு வெளிய போன வண்டி, பெயிண்டுல கொறைன்னு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. அத நான் எங்க வேணா சொல்லுவேன். இன்னிக்கி இதான் திரும்பி வருது. ஆவடியிலருந்து அரக்கோணம் எடுத்துக்கினு போயி, அரக்கோணத்துலருந்து திரும்ப ஆவடிக்கு எடுத்துக்கினு போறேன். அலுப்பா இருக்கு தம்பி. கால் வலி ஒரு பக்கம். இது வேற அலுப்பு.

என் பையன்தான். தயாளன். ஒரே பையன். அரக்கோணத்துல பல்லு செய்யறான். டாக்டர் இல்ல. டாக்டருங்க அளவெடுத்து அனுப்புவாங்க, இவன் அந்த அளவுக்குப் பல்லு செஞ்சு திருப்பி அனுப்புவான். கீழ லேபு, மேல வீடு. யாராவது பையன் இன்னா பண்றான்னு கேட்டா, மெடிக்கல் லைன்ல இருக்கான்னு சொல்லிடுவேன். பல்லு செய்யறான்னு சொல்றதுக்கு ஒரு மாதிரி இருக்குது. நான் நாப்பது டன் வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சவன். அவன் ஒரு நாள் பூரா ஒக்காந்து ஒரு பல்ல ராவிக்கினு இருக்கான்.

இந்த டேங்க் கத அவனோட ஒம்பதாங்கிளாஸ்ல ஆரம்பிக்கிது. என் மச்சான் தேவராசு, என் சம்சாரத்தோட தம்பி, அப்ப சிங்கப்பூர்ல இருந்தான். லீவுல வந்தவன் எல்லாருக்கும் ஒண்ணொண்ணு கொண்டாந்தான். எனக்கு ஒரு டார்ச் லைட்டு. எங்க வீட்டு அம்மாவுக்குப் பொடவ. பையனுக்கு இது. பெரிய அட்டப்பொட்டி, மேல படம், சேத்துல டேங்க் ஓடற மாதிரி. உள்ள எல்லாம் துண்டு துண்டா இருக்கும், நாமளே ஒட்டி, பெயிண்ட் அடிச்சிக்கணும். "மாமா டேங்க் ஃபேக்டரியில இருக்காருல்ல, அதான் இத வாங்கினேன்"னான். சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற.

நீயே சொல்லு. நான் தெனம் அசல் டேங்குல ஏறி எறங்கறவன். எனக்கு எதிர்ல, என் பையனுக்குப் பிளாஸ்டிக் டேங்க் வாங்கியாந்து குடுத்தா அது கிண்டல் இல்லாம இன்னா? பையன் மூஞ்சியப் பாத்தேன். அந்த மாதிரி ஒரு மூஞ்சிய அவன் என்கிட்ட காட்டினதே இல்ல. ஆயுத பூஜைக்கு ஃபேக்டரி உள்ள இட்டுக்கினு போய் அசல் வண்டியவே காட்டினேன். அப்பகூட அப்பிடிப் பாக்கல. பொட்டியத் தடவிக்கினே இருக்கான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "மொதல்ல பத்தாவது முடி. அப்பால பிரிச்சிக்கலாம்"னு வாங்கிப் பரண்ல வெச்சிட்டேன். படிப்பு கெட்டுடும்ல. தப்பா? எந்த அப்பனும் அதத்தான பண்ணுவான்.

பத்தாவது முடிச்சான். மார்க்கு சுமாரு. "பன்னெண்டு முடி"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. அவன் எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டான், அதுதான் எனக்கு ஆகாது. சண்டையாவது போடணும்ல. பன்னெண்டும் முடிச்சான். அப்ப அவனும் கேக்கல, எனக்கும் ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லன்னு சொல்றதும் சரியில்ல. பரண்ல பொட்டியோட மூல தெரியும். தெனம் சாப்பிட ஒக்காந்தா கண்ணுக்கு நேரா தெரியும். கேக்கட்டும்னு இருந்தேன். வந்து வாயத் தொறந்து கேட்டா எறக்கிக் குடுக்கலாம்னு இருந்தேன். அவன் கேக்கல.

இது எந்த ஸ்டேஷன்? திருவாலங்காடா. சரி. பொட்டியப் புடிச்சிக்கோ, இங்க ஒரு எடத்துல ஆடும்.

அப்பால அப்ரண்டிஸ் பரீட்ச வந்துது. ஃபேக்டரியில ஆள் எடுக்கறாங்க. அப்பன் வேல பாத்த எடத்துலயே பையனும் நொழைஞ்சா எவ்வளவு பெரும. நான் ஃபாரம் வாங்கியாந்து நானே எழுதி, கையெழுத்து மட்டும் அவன்கிட்ட வாங்கி அனுப்பினேன். பரீட்சைக்குப் போனான். சுத்தமா ஒரு கேள்விகூட எழுதாம வெறும் பேப்பரக் குடுத்துட்டு வந்திருக்கான். எனக்கு எப்பிடித் தெரியும்னு கேளு. கூட வேல பாக்கற பாண்டுரங்கனோட பையன் அதே ரூம்ல எழுதினான். பாண்டு சாப்பாட்டு நேரத்துல எல்லார் எதிர்லயும் சொல்றான், "இன்னா தணிகாசலம், உன் பையன் ஜன்னலப் பாத்துக்கினே ஒக்காந்திருந்தானாமே"ன்னு.

அன்னிக்கி சாயந்திரம் ஷிப்ட் விட்டு வரேன். இவன் எனக்குக் கொடை எடுத்துக்கினு ஃபேக்டரி கேட்டாண்ட வந்து நிக்கறான். மழ வர்ற மாதிரி இருந்துச்சு, அம்மாக்காரி அனுப்பியிருக்கா. கன்னத்துல ஒண்ணு வெச்சேன். ஒண்ணே ஒண்ணு தம்பி. அதுக்கு மேல இல்ல. ஷிப்ட் விட்ட நேரம், ஒரு நூறு எரநூறு பேர் இருந்திருப்பாங்க. அவங்க இருந்தது என் தப்பா? அவன் கொடைய என் கையில குடுத்தான். குடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போயிட்டான். அடுத்த வாரம் தேவராசு வீட்டுக்குப் போறேன்னு அரக்கோணம் போனவன்தான். தேவராசு அதுக்குள்ள சிங்கப்பூர விட்டு வந்துட்டான். அவன்தான் தெரிஞ்ச லேபுல சேத்து விட்டான். எல்லாம் அந்த மச்சானோட வேல.

பேச்சே இல்லன்னு சொல்ல முடியாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டான், போனோம். பொங்கலுக்கு வருவான், மத்தியானம் சாப்ட்டுட்டு சாயந்திர வண்டி ஏறிடுவான். அம்மாவோட தெனம் போன்ல ஒரு மணி நேரம் பேசறான். நான் எடுத்தா மூணு கேள்வி. "சாப்ட்டியாப்பா? மாத்திர போட்டியா? அம்மா இருக்காங்களா?" பதினெட்டு வருஷமா அந்த மூணுதான். நாலாவது கேள்வி ஒண்ணு வராதான்னு போன காதுலயே வெச்சிக்கினு இருப்பேன். அது சகுந்தலாவுக்குத் தெரியாது. சகுந்தலா என் சம்சாரம்.

இந்த வருஷம் மழையில பரண் மேல ஒழுகிடுச்சு. எல்லாத்தையும் எறக்கினோம். பழைய பாத்திரம், வேட்டி, ஒடஞ்ச ஃபேனு, அதுக்குப் பின்னால அந்த டேங்க் பொட்டி. நல்ல வேள, அது நனையல. சகுந்தலா அத முந்தானையால தொடச்சா. தொடச்சிட்டு என் எதிர்ல கொண்டாந்து வெச்சா. "இத எடுத்துக்கினு போயி அவன்கிட்ட குடுத்துட்டு வாங்க. நீங்களே போங்க. நான் வர்ல"ன்னா. நானும் சரின்னேன். மனசுக்குள்ள எனக்கும் அதுதான். வயசாவுது. கை வேற நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, பாரு, இந்த எடது கை. எத்தினி நாளைக்கு மூணு கேள்வியக் கேட்டுக்கினு இருக்கறது.

ஆனா நீ யோசிச்சுப் பாரு. வெறும் பொட்டியக் கொண்டு போயி எப்பிடிக் குடுக்கறது? துண்டு துண்டா கெடக்கற சாமான! பாதி வேலையில பொருள வெளிய அனுப்பற பழக்கம் எங்களுக்கு இல்ல. இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சு, நம்பர் எழுதி, தொடச்சு, அப்பிடித்தான் கேட்ட தாண்டும். அதுவும் என் பையனுக்குக் குடுக்கறது. முழுசா முடிச்சு, என் கையாலயே பெயிண்ட் அடிச்சு, வண்டியாக் கொண்டு போய் வெக்கணும்னு முடிவு பண்ணேன். அவனுக்கு வேல மிச்சம்ல. அவனும்தான் பாவம் நாள் பூரா பல்லோட மாரடிக்கிறான்.

அன்னிக்கி மத்தியானமே பிரிச்சேன். சகுந்தலா தூங்கி எழுந்து வந்து பாத்தா. "ஏங்க பிரிச்சீங்க?"ன்னு கேட்டா. பிரிக்காம எப்பிடி ஒட்டறதுன்னேன். உள்ள போயிட்டா. அதுக்கப்பறம் ரெண்டு மாசமா என்கிட்ட சரியாப் பேசல. பெயிண்ட் வாசன அவளுக்கு ஒத்துக்காது, எப்பவுமே அப்பிடித்தான். நான் வேல விட்டு வந்தா சட்டையத் தனியாத்தான் ஊற வெப்பா. அதனால எல்லாத்தையும் மொட்டமாடிக்குக் கொண்டு போய்ட்டேன்.

சொல்லக் கூடாது, அந்த ரெண்டு மாசம் எனக்கு நல்லா இருந்துச்சு தம்பி. ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல அம்பது அறுபது துண்டு ஒட்டிக்கினு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் நம்பர். நகவெட்டியால வெட்டி எடுத்து, வெட்டின எடத்த உப்புத்தாளால தேய்க்கணும். பொட்டியோட வந்த பசை இருபத்திரெண்டு வருஷத்துல கல்லாயிடுச்சு. மெட்ராசுக்குப் போய் வேற வாங்கியாந்தேன். தண்ணி மாதிரி இருக்கும், பிரஷ்ஷால தொட்டு வெச்சா ரெண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒண்ணாக்கிடும். அப்பால நீ ஒடச்சாத்தான் உண்டு, பிரிக்க முடியாது. ஓரத்துல ட்ராக் சங்கிலி ரப்பர்ல குடுத்திருந்தான், எடுத்தவுடனே மூணு துண்டா உதுந்துது. ஸ்டேப்ளர் பின்னு போட்டு, பின்னு தெரியாம சக்கரத்துக்கு அடியில மறச்சேன். கண்டுபுடி பாப்போம். இரு, தொறக்கறேன். மெதுவா. குழாய் மேல மூடி படக் கூடாது.

எப்பிடி?

இந்தப் பச்ச இருக்குதே, இது எந்த டப்பாவுலயும் கெடைக்காது. மூணு டப்பா வாங்கி, சோடா மூடியில ஊத்தி ஊத்திக் கலந்து, வெயில்ல காய வெச்சு, சரியில்லன்னு தொடச்சு, பதினோரு தடவ. பன்னெண்டாவது தடவ அந்தக் கலர் வந்துச்சு. வந்தவுடனே மூக்குல ஷாப்பு வாசனையே அடிச்சிடுச்சு. நம்பர் ஸ்டிக்கரு பழுத்துப் போயிருந்துது, அதனால கையால எழுதினேன். இந்த நடுங்கற கையோட. ஒரு எழுத்துக்கு ஒரு நாள். காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி கை கொஞ்சம் நிக்கும், அந்த நேரத்துல எழுதுவேன்.

முடிச்ச அன்னிக்கி ஒரு காரியம் பண்ணேன், சிரிக்காத. எங்க ஷாப்புல மொத வண்டி வெளிய போறப்ப சங்கிலிக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவோம். இதுக்குப் பழம் பெருசு. எலுமிச்ச வெத ரெண்டு வெச்சேன், இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. தள்ளினேன். சகுந்தலா துணி எடுக்க மாடிக்கு வந்தவ பாத்துட்டா. சிரிப்பான்னு நெனச்சேன். கண்ணத் தொடச்சிக்கினு போயிட்டா. பெயிண்ட் நெடின்னு நெனைக்கிறேன்.

திருவள்ளூர் வந்துடுச்சா? மூடு மூடு, கூட்டம் ஏறும். இங்க ஒக்காராதீங்கம்மா, சாமான் இருக்குது, ஒடையற சாமான். அந்தப் பக்கம் எடம் இருக்குது பாருங்க. ஆங்.

இன்னிக்கி காலையில போனேன். சொல்லாமத்தான் போனேன். ஞாயித்துக்கெழம, ஆனாலும் லேபுலதான் இருந்தான். என்னப் பாத்து எழுந்து நின்னுட்டான். "அம்மாவுக்கு இன்னாப்பா?"ன்னான். ஒண்ணும் இல்லடா, சும்மா வந்தேன்னேன். மேல போனோம். மருமக ஹேமாவதி நல்ல பொண்ணு. பொட்டியத் தொறந்து டேபிள் மேல வெச்சதும், "மாமா, நீங்களா செஞ்சீங்க? கடையில வாங்கின மாதிரியே இருக்குது"ன்னு சுத்திச் சுத்திப் பாக்குது. அவன் கைய சோப்பு போட்டுக் கழுவினான். தொடச்சான். வந்து ஒக்காந்தான். ரொம்ப நேரம் பாத்தான்.

"அந்த டேங்க்காப்பா?"ன்னான்.

அதேதான்னேன்.

"தேவராசு மாமா வாங்கியாந்தது?"

ஆமான்னேன்.

"கட்டி முடிச்சிட்டியா?"ன்னான்.

இதான் கேள்வி. பதினெட்டு வருஷம் கழிச்சு நாலாவது கேள்வி கேக்கறான், அது இது. கண்ணு முன்னால முழு வண்டி நிக்கிது, முடிச்சிட்டியான்னு கேக்கறான். நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த இல்ல. முடிச்சிட்டேன்டா, ஒரு வேல பாக்கி இல்ல, நீ அப்பிடியே ஷோகேஸ்ல வெச்சிக்கலாம்னேன்.

கையில எடுத்தான். அவன் எடுத்த மாதிரிய சொல்லணும். ரெண்டே விரல். எனக்கே ரெண்டு கையும் வேணும். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கறான், ஒட்டின எடத்துல கட்ட விரல் நகத்த ஓட்டிப் பாக்கறான். இன்ஸ்பெக்ஷன்காரன் தோத்தான். "ஜாயின்ட் நல்லா தேய்ச்சிருக்க"ன்னான். அப்பால, "சேறே இல்லையேப்பா"ன்னான். சேறா? புது வண்டிக்கு எதுக்குடா சேறுன்னேன். "படத்துல சேறு இருக்கும். சேறு எப்பிடிப் பண்றதுன்னு நான் யோசிச்சு வெச்சிருந்தேன். செங்கத் தூளும் பசையும்"னான். எப்ப யோசிச்சன்னேன். "அப்ப"ன்னான்.

அப்பால இந்த மேல் மூடி இருக்குது பாரு, குழாயோட சுத்தற டரெட்டு மேல, ஆள் உள்ள எறங்கறதுக்கு. அத நகத்தால தூக்கிப் பாத்தான். தூக்க வர்ல. "ஒட்டிட்டியா?"ன்னான். ஆமா, எப்பிடி ஒட்டறதுன்னு பொட்டியோட வந்த ஷீட்டுல ரெண்டு விதமா போட்டிருந்தான், மூடி தொறந்து ஆள் நிக்கற மாதிரி ஒண்ணு, மூடி சாத்தினது ஒண்ணு. நாங்க எப்பவும் மூடி சாத்தித்தான் அனுப்புவோம், இல்லன்னா உள்ள தூசி போவும்னேன். "அப்ப ஆளு?"ன்னான். எங்க வண்டி ஆள் இல்லாமத்தான்டா வெளிய போவும், ஆள் எல்லாம் ராணுவம் போட்டுக்கும்னேன். ஹேமாவதி சிரிச்சிடுச்சு. அவன் சிரிக்கல. "அந்த ஆள் இன்னா பண்ண?"ன்னான்.

நான் எதையும் தூக்கிப் போடறவன் இல்ல. கொண்டு போன பையில இருந்துச்சு. சட்டம் மொத்தமும் காலி, ஒரே ஒரு சட்டத்துல அந்த ஆள் மட்டும் நாலு துண்டா இருக்கான். தலை, ஒடம்பு, கை ரெண்டு. எடுத்துக் குடுத்தேன். அத உள்ளங்கையில வெச்சிக்கினு பாத்தான். "இத நான் எடுத்துக்கட்டுமாப்பா?"ன்னு கேட்டான். கேட்டான் தம்பி. அவன் என்கிட்ட ஒண்ணக் குடுன்னு கேட்டது எனக்குத் தெரிஞ்சு அதுதான் மொத தடவ. கழிச்சுப் போட்ட துண்டக் கேக்கறான். எடுத்துக்கோடா, எனக்கு எதுக்குன்னேன். சட்டைப் பையில வெச்சிக்கினான்.

சாப்ட்டோம். கறிக்கொழம்பு. எனக்கு எலும்பு இல்லாத துண்டாப் பாத்துப் பாத்து வெச்சான், இந்தப் பக்கம் பல்லு போயிடுச்சுன்னு எப்பிடியோ பாத்திருக்கான். "ஒரு நாள் கீழ வந்து ஒக்காருப்பா, அளவு எடுத்துட்டா செட்டு பண்ணிடறேன்"னான். எனக்கு எதுக்குடா இனிமே பல்லுன்னுட்டேன். அவனும் விட்டுட்டான். கெளம்பும்போது டேங்க எடுத்துப் பொட்டியில வெச்சு, நூல் கட்டி, என் கையில குடுக்கறான். "ஆவடியிலயே இருக்கட்டும்ப்பா. உன்னுது"ன்னான்.

உன்னுதாம். நான் ரெண்டு மாசம் ஒக்காந்து, இது உன்னுதுடான்னு சொல்லறதுக்காகப் போறேன். அவன் என்னப் பாத்து உன்னுதுங்கறான். கொறை இன்னான்னு சொல்லித் திருப்பி அனுப்பணும். எங்க எடத்துல அதுதான் மொற. ஒரு சீட்டு கட்டி விடணும், இன்ன எடத்துல இன்ன கொறைன்னு. நானா கேக்கவா முடியும்? வந்துட்டேன்.

இப்ப உனக்கு இன்னா தோணுது? நான் நெனைக்கிறது, அந்த மூடிதான். ஆள் நிக்கலன்னுதான் அவனுக்குக் கொற. அதான் ஆள மட்டும் எடுத்துக்கினான். பண்ணிடலாம். வீட்டுக்குப் போனதும் மெல்லிசா பிளேடு வெச்சு அறுத்து, மூடியத் தொறந்து, ஓரத்துல சந்து தெரியாம புட்டி பூசி, மறுபடி பெயிண்ட் தொட்டா தெரியாது. சேறும் பூசிடலாம். செங்கத் தூளுதான, மொட்டமாடியில இருக்குது. அந்த ஆளையும் திரும்ப வாங்கி நானே ஒட்டிப் பெயிண்ட் அடிச்சு, அடுத்த மாசம் முழுசா...

இன்னா தம்பி?

அவனே அறுத்துக்கட்டும்ங்கிறியா. அவன் எதுக்கு... அவனுக்கு லேபுல வேல இருக்குது. இல்ல, கையி இருக்குது, நான் இல்லன்னு சொல்லல. என்ன விட நல்ல கை. ரெண்டு விரல்ல எடுத்தான்னு நான்தான சொன்னேன்.

பட்டாபிராம் போயிடுச்சா. இன்னும் ஒரு ஸ்டேஷன் தாண்டினா ஆவடி.

உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். சொல்ற மாதிரி விஷயம் இல்லன்னு விட்டுட்டேன். பொட்டி மேல கண்ணாடித்தாள் சுத்தியிருந்துச்சு, கடையில சுத்தினது. இருபத்திரெண்டு வருஷமா ஒரு மூலையில கூடக் கிழியல. பதினாலு வயசுப் பையன். நான் ஷிப்டுல இருப்பேன், சகுந்தலா கடைக்குப் போயிருப்பா, ஸ்டூல் போட்டு ஏறினா கைக்கு எட்டற பரண். பிரிச்சிருந்தா யாருக்குத் தெரியும். எறக்கியிருக்கான், அது நிச்சயம். ஏன்னா கண்ணாடித்தாள் மேல ஒரு லேபிள் ஒட்டியிருந்தான். நோட்டுக்கு ஒட்டுவாங்களே, பேரு, வகுப்பு, பாடம்னு போட்டிருக்கும், அது. பேரு த. தயாளன். வகுப்பு ஒம்பது, ஆ பிரிவு. பாடம்னு இருக்கற எடத்துல, டேங்க்னு எழுதியிருந்தான். எறக்கி, லேபிள் ஒட்டி, திரும்ப அதே எடத்துல வெச்சிருக்கான். நான் சொன்னேன்ல, முடிச்சிட்டுப் பிரிச்சிக்கலாம்னு. அதுக்காகத் தாளக் கூடத் தொடல தம்பி.

நான் அந்த லேபிளப் படிச்சேன். படிச்சிட்டு, நகத்த உட்டு தாளக் கிழிச்சேன். லேபிளும் தாளோடயே போச்சு. அன்னிக்கே குப்பக்காரி எடுத்துக்கினு போயிட்டா. ஏங்க பிரிச்சீங்கன்னு சகுந்தலா கேட்டப்ப, பிரிக்காம எப்பிடி ஒட்டறதுன்னு நான் பதில் சொல்லிக்கினு இருந்தேன்.

அவன் கட்டணும்னு வெச்சிருந்த சாமான நான் போயி நானே கட்டித் தீத்துட்டேன். அதான் கொற. சீட்டு கட்டாமலே அனுப்பிட்டான்.

இந்து காலேஜ் ஸ்டேஷனும் போயிடுச்சு. ஆவடிதான் அடுத்தது. மேல் மூடிய நான் தொடல தம்பி. சேறும் பூசல. அப்பிடியே பீரோ மேல வெக்கறேன், நான் சாப்பிட ஒக்கார்ற எடத்துக்கு நேரா. ராத்திரி போன் வரும், சாப்ட்டியாப்பான்னு கேப்பான். பல்லுக்கு அளவெடுக்க என்னிக்கி வரணும்னு கேட்டுப் பாக்கறேன். இதுவரைக்கும் நான் அவன எதுவும் கேட்டதில்ல.

நீ கைய எடுத்துடாத. நான் மொதல்ல எழுந்து கம்பியப் புடிச்சி நின்னுக்கறேன், அப்பால குடு.